கேன் பஸ் பேசவில்லை: ஸ்கேனரா, மல்ட்டிமீட்டரா, ஸ்கோப்பா, கழற்றிப் பார்ப்பதா?

வண்டியில் ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டீயரிங், இன்ஜின் விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தால், இத்தனையும் ஒரே நாளில் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. இவற்றை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகளான மாட்யூல்கள், கேன் பஸ் என்ற பொதுவான வயர் ஜோடி வழியாக ஒன்றோடொன்று பேசுவது எங்கோ தடைபட்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பழுதுக் கோட்களைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் யூ0100, யூ0121, யூ0140 என்று ‘யூ’வில் தொடங்கும் கோட்கள் வரிசையாக வந்து நிற்கும். அதற்கு அடுத்து என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழி. ஒருவர் இதைவிடப் பெரிய ஸ்கேனர் வேண்டும் என்பார், ஒருவர் மல்ட்டிமீட்டரே போதும் என்பார், ஒருவர் ஸ்கோப் (வோல்டேஜின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) இல்லாமல் வயரைத் தொடாதே என்பார், இன்னொருவர் எதுவும் வேண்டாம், ஒவ்வொரு மாட்யூலாகக் கழற்றிப் பார் என்பார். நாலு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் நாலும் ஒரே மாதிரிப் பழுதுக்கான வழிகள் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் புகார் சொல்கிறார்கள் என்பதை ஸ்கேனர் காட்டும், யார் மேல் தப்பு என்பதைக் காட்டாது. எல்லா மாட்யூலையும் படிக்கிற ஓரளவு நல்ல ஸ்கேனரும் நம்பத்தகுந்த மல்ட்டிமீட்டரும் ஏற்கனவே கையில் இருந்தால், அடுத்த செலவு இன்னொரு பெரிய ஸ்கேனருக்கு வேண்டாம், இரண்டு சேனல் ஸ்கோப்புக்குச் செய்யுங்கள். ஏன் என்பதற்கு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் நல்ல நிலையில் கேன் பஸ் எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். பாஷ் நிறுவனம் 1983-இல் உருவாக்கத் தொடங்கி 1986-இல் வெளியிட்ட முறை இது, 1993-இல் ஐஎஸ்ஓ 11898 என்ற தரமாக ஆனது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர், ஒன்று கேன் ஹை, மற்றது கேன் லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். பேசும்போது ஹை 3.5 வோல்ட்டுக்கு ஏறும், லோ 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, பெரும்பாலும் ஏதாவது மாட்யூலுக்கு உள்ளேயே இருக்கும். இரண்டும் பேரலலாக வருவதால் வெளியிலிருந்து அளந்தால் 60 ஓம். இதெல்லாம் ஹை ஸ்பீட் கேனுக்கு மட்டும். மற்ற வகைகளைப் பற்றிப் பிறகு.

ஸ்கேனரில் பலர் செய்வது, கோடைப் படித்து அதில் எழுதியிருக்கும் மாட்யூலை ஆர்டர் போடுவது. யூ0121 என்றால் ஏபிஎஸ் மாட்யூலோடு தொடர்பு இல்லை என்று அர்த்தம், அந்தக் கோடைப் பதிவு செய்தது ஏபிஎஸ் இல்லை, வேறொரு மாட்யூல். சில நேரம் தன் காதே கேட்காத மாட்யூல்தான் மற்றவர் யாரும் பேசவில்லை என்று புகார் எழுதிவைக்கும். அதனால் கோடைவிட, எது யாரைப் பற்றிப் புகார் சொல்கிறது என்ற பட்டியல்தான் முக்கியம். இன்ஜின், கியர்பாக்ஸ், மீட்டர் போர்டு மூன்றும் யூ0121 சொல்கின்றன, ஏபிஎஸ் ஸ்கேனருக்குப் பதிலே சொல்லவில்லை என்றால் சந்தேகம் ஏபிஎஸ் மீதோ, அதன் ஃப்யூஸ், எர்த் மீதோ, அதற்குப் போகும் கிளை வயர் மீதோ. ஏபிஎஸ் மட்டும் யூ0100, யூ0101, யூ0155 (இன்ஜின், கியர்பாக்ஸ், மீட்டர் போர்டு பேசவில்லை) என்று ஊரையே குற்றம் சொல்கிறது, மற்றவர்கள் தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றாலும் சந்தேகம் அதே ஏபிஎஸ் மீதுதான். கோடில் எழுதியிருந்த இன்ஜின் மாட்யூலை மாற்றியிருந்தால் புகார் கொடுக்கப்பட்டவரைத் தண்டித்துவிட்டுப் புகார்தாரரை விட்டுவிட்ட கதை ஆகியிருக்கும்.

ஸ்கேனர் விஷயத்தில் இன்னும் சில. பதில் இல்லை என்று காட்டும் மாட்யூல் அந்த வண்டியில் பொருத்தப்பட்டே இருக்காது, வேறு மாடலுக்கு உள்ளதைச் சேர்த்துப் பட்டியல் போடும் ஸ்கேனர் நிறைய உண்டு. விலை குறைந்த இஎல்எம்327 வகை ப்ளூடூத் டாங்கிளும் அதனோடு வரும் சாதாரண ஆப்பும் பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற புகை சம்பந்தப்பட்ட மாட்யூல்களோடு நின்றுவிடும், அதை வைத்து நெட்வொர்க் பழுதைத் தேடுவது வீண். பழைய கோடா இப்போதும் இருக்கும் கோடா என்பதைக் கட்டாயம் பாருங்கள். பேட்டரி வீக்காகி ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் இறங்கினால் பல மாட்யூல் ஒரு கணம் தூங்கி எழும், அந்த ஒரு கணத்துக்காக யூ கோட்கள் பதிவாகி அப்படியே கிடக்கும். அழித்துவிட்டு மறுபடி வருகிறதா என்று பார்க்காமல் வயரிங்கைப் பிரிக்கத் தொடங்குவது தேவையில்லாத வேலை. அப்புறம் யூ0401 போன்ற கோட்கள் வேறு ரகம். தகவல் வந்து சேர்ந்தது, ஆனால் அந்தத் தகவல் நம்பும்படி இல்லை என்பது அதன் பொருள். அங்கே கேன் வயர் நன்றாகவே இருக்கிறது, இன்ஜின் பக்கம் ஏதோ சென்சார் பழுதைத் தேட வேண்டும்.

மொத்த பஸ்ஸும் செத்துப்போனால் ஸ்கேனர் ‘தொடர்பு இல்லை’ என்பதோடு முடித்துக்கொள்ளும். இங்கே எவ்வளவு பெரிய ஸ்கேனராக இருந்தாலும் அதே வாக்கியம்தான் வரும். பெரிய ஸ்கேனர் கோடிங், புரோகிராமிங், சிறப்புச் சோதனை எல்லாவற்றுக்கும் வேண்டியதுதான், மறுக்கவில்லை, ஆனால் பஸ் பழுதில் அது சின்ன ஸ்கேனரைத் தாண்டி அதிகம் சொல்வதில்லை. (ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் 16-ஆவது பின்னில் பேட்டரி சப்ளையும் 4, 5-ஆவது பின்களில் எர்த்தும் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். சாக்கெட் ஃப்யூஸ் போயிருப்பதற்காக வண்டியையே பிரித்தவர்கள் உண்டு.)

மல்ட்டிமீட்டருக்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஓபிடி சாக்கெட்டின் 6-ஆவது பின்னுக்கும் 14-ஆவது பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 ஓம் பக்கம் வந்தால் இரண்டு முனை ரெசிஸ்டரும் இருக்கின்றன. 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது, அல்லது அந்த முனை மாட்யூல் கழன்றிருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் பிறகு பொருத்திய சாதனமோ தவறான மாட்யூலோ. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. பேட்டரி இணைந்திருக்கும்போது, பஸ் விழித்திருக்கும்போது ஓம் அளந்தால் வரும் எண் குப்பை.

இந்த 60 ஓம் சோதனையை நான் மதிக்கிறேன், ஆனால் அளவுக்கு மீறி நம்புகிறவர்கள் அதிகம். 60 வந்துவிட்டது, பஸ் நன்றாக இருக்கிறது, மாட்யூல்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். நடுவில் உள்ள ஒரு மாட்யூலுக்குப் போகும் கிளை வயர் முழுதாக அறுந்திருந்தாலும் மீட்டர் 60 ஓம்தான் காட்டும், ஏனென்றால் ரெசிஸ்டர்கள் இருப்பது முனைகளில். இரண்டு வயரில் ஒன்று பாடியில் உரசி எர்த் ஆகியிருந்தாலும் ஹைக்கும் லோவுக்கும் நடுவே 60 ஓம்தான். அதனால் ஒவ்வொரு வயரையும் எர்த்தோடும் பேட்டரி பாசிட்டிவ் வயரோடும் தனித்தனியாக அளக்க வேண்டும். இன்னொரு சிக்கல் கேட்வே, அதாவது பல பஸ்களுக்கு நடுவே தகவலைக் கடத்தும் மாட்யூல். புதிய வண்டிகள் பலவற்றில் ஓபிடி சாக்கெட்டிலிருந்து வரும் இரண்டு வயரும் கேட்வே மாட்யூலோடு நின்றுவிடும், இன்ஜின் பஸ், பாடி பஸ் எல்லாம் அதற்கு அந்தப் பக்கம். அங்கே சாக்கெட்டில் அளந்த ஓம், உள்ளே இருக்கும் பஸ்ஸைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. வயரிங் டயகிராம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பது இதனால்தான்.

சாவி போட்டு வோல்ட் பார்த்தால் ஹை 2.6, 2.7 பக்கமும் லோ 2.3, 2.4 பக்கமும் காட்டும், இரண்டையும் கூட்டினால் 5 வோல்ட் பக்கம் வரும். இது சராசரி மட்டும்தான். 500 கிலோபிட் வேகத்தில் ஒரு பிட் 2 மைக்ரோ விநாடி. விநாடிக்குச் சில முறை எண்ணை மாற்றும் மீட்டரில் அது தெரியவே தெரியாது. ஹை 12 வோல்ட்டில் நிற்கிறது, அல்லது இரண்டும் 0-வில் கிடக்கின்றன போன்ற பெரிய பழுதுகளுக்கு இது போதும், வந்து வந்து போகும் பழுதுக்கு உதவாது.

மீட்டரை வேறு எதுவும் மிஞ்ச முடியாத இடம் ஒன்று உண்டு: பதில் சொல்லாத மாட்யூலின் சப்ளையும் எர்த்தும். தொடர்பு இல்லை என்ற கோடுக்கு, கேன் வயரைவிட ஃப்யூஸ், ரிலே, துருப்பிடித்த எர்த் போல்ட் காரணமாக இருப்பதே அதிகம். கனெக்டரைக் கழற்றி வெறும் வோல்ட் மட்டும் பார்த்தால் 12 வோல்ட் அழகாக வரும், ஒரே ஒரு நூல் பிடித்துக்கொண்டிருக்கும் வயரிலும் வரும். ஒரு பல்பை லோடாகப் போட்டு, அது முழு வெளிச்சத்தில் எரியும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். மங்கினால் அந்த வயரைத் தேடுங்கள், பஸ்ஸை மறந்துவிடுங்கள்.

ஸ்கோப். ஒரு சேனல் ஹையில், இன்னொன்று லோவில், இரண்டுக்கும் எர்த் பேட்டரி நெகட்டிவில். கட்டத்துக்கு 20 மைக்ரோ விநாடி வைத்தால் திரையில் ஏறத்தாழ ஒரு முழுச் செய்தி வந்து நிற்கும், ஏனென்றால் 500 கிலோபிட் பஸ்ஸில் எட்டு பைட் செய்தி ஒன்று கால் மில்லி விநாடி அளவுதான். ஹை மேலே எழும் அதே கணத்தில் லோ கீழே இறங்க வேண்டும், இரண்டும் கண்ணாடி பிம்பம் மாதிரி. முனை ரெசிஸ்டர் இல்லையென்றால் 2.5-க்குத் திரும்பும் ஓரம் செங்குத்தாக இறங்காமல் சரிந்து இறங்கும், மூலைகளில் சிலிர்ப்பு தெரியும். இரண்டு வயரும் ஒட்டிவிட்டால் திரையில் இரண்டு அலையும் 2.5 பக்கம் தட்டையாகக் கிடக்கும். ஹை எர்த் ஆனால் எல்லாம் தரையோடு தரை. லோ எர்த் ஆனால் வண்டி சில நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், கோட் கூட உடனே வராது. ஸ்கோப்பில் மட்டும் லோ பூஜ்ஜியத்தில் படுத்திருப்பது பளிச்சென்று தெரியும்.

கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இன்னும் கிடைக்கும். செய்தியின் கடைசிப் பக்கம் ஒரு பிட் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். அது பழுது இல்லை, கேட்டுக்கொண்டிருந்த மாட்யூல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்லும் இடம், பலர் சேர்ந்து இழுப்பதால் உயரம் கூடுகிறது. ஆனால் ஏதோ ஒரு செய்தி மட்டும் முழுதாக மேலே தூக்கி நிற்கிறது, மற்றவை எல்லாம் சரியான மட்டத்தில் இருக்கின்றன என்றால் அந்தச் செய்தியை அனுப்பும் மாட்யூலின் எர்த் சரியில்லை. இதை எந்த ஸ்கேனரும் சொல்லித் தராது. அதேபோல், கேன் செய்தியின் உள்ளே ஒரே மாதிரியான பிட் ஐந்துக்கு மேல் தொடர்ந்து வராது. ஐந்து வந்ததும் அனுப்பும் மாட்யூலே எதிர் பிட் ஒன்றைச் செருகிவிடும். ஆகவே 12 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ ஹை மேலேயும் லோ கீழேயும் அப்படியே நின்றால், யாரோ பிழையைக் கண்டு நடுவில் ‘நிறுத்து’ என்று கத்தியிருக்கிறார்கள். ஸ்கோப்பில் அந்த அகலத்துக்கு ட்ரிக்கர் (அப்படி ஒன்று வரும்போது மட்டும் அலையைப் பிடித்துக் காட்டும் அமைப்பு) வைத்துவிட்டு வயரிங் ஹார்னஸை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே அசைக்கும்போது ட்ரிக்கர் ஆகிறதோ அதற்குப் பக்கத்தில்தான் வேலை. வந்து வந்து போகும் பழுதை இவ்வளவு சுருக்கமாகப் பிடிக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

அந்தக் கத்தலுக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. அனுப்பும்போது பிழை வந்தால் மாட்யூல் தன் பிழை எண்ணிக்கையை 8 கூட்டும், சரியாக அனுப்பினால் 1 குறைக்கும். 255-ஐத் தாண்டினால் பஸ்ஸிலிருந்து தானே விலகிவிடும், அப்புறம் தன்னை மீட்டுக்கொண்டு மறுபடி வரும். அதனால்தான் ஸ்கேனரில் ஒரு மாட்யூல் இருக்கிறது, இல்லை, மறுபடி இருக்கிறது என்று மாறி மாறிக் காட்டும்.

ஸ்கோப்பின் குறையையும் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும், நல்ல வண்டியின் அலையைப் பார்த்துப் பழகாதவருக்குக் கெட்ட அலை கண்ணில் படாது. அலையைச் செய்தியாகப் படித்துக் காட்டும் டிகோட் வசதி இல்லாவிட்டால் எந்தச் செய்தி எந்த மாட்யூலுடையது என்று தெரியாது. சாதாரண கேனுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி ஸ்கோப்பே தாராளம், பெரிய பெஞ்ச் ஸ்கோப் வேண்டாம். கேன் எஃப்டி (இன்னும் வேகமான கேன்) உள்ள வண்டிகளைத் தொடப்போகிறீர்கள் என்றால் மட்டும் வேகமானதாகப் பாருங்கள்.

பஸ்ஸில் ஓடும் செய்திகளை லேப்டாப்பில் காட்டும் யூஎஸ்பி கேன் அடாப்டரையும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். கார்களில் இதன் பயன் குறைவு என்பதே என் கருத்து. ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் வரும் ஐடி எண்ணில் எது யாருடையது என்பதைக் கம்பெனிகள் வெளியே சொல்வதில்லை, கேட்வே உள்ள வண்டியில் ஓபிடி சாக்கெட்டில் செருகினால் நாம் கேட்காமல் எதுவும் வராது. லாரி, டிராக்டர், கட்டுமான இயந்திரம் என்றால் கதையே வேறு. அங்கே பெரும்பாலும் ஜே1939, அது வெளிப்படையான தரம், ஐடியின் கடைசி 8 பிட்டிலேயே அனுப்புபவரின் முகவரி இருக்கும், 0 என்றால் இன்ஜின், 3 என்றால் கியர்பாக்ஸ், 11 என்றால் பிரேக். யார் பேசவில்லை என்பதைக் கண்ணாலேயே படிக்கலாம். எந்த வண்டியானாலும் அடாப்டரைக் கேட்க மட்டும் செய்யும் மோடில் வையுங்கள். வேகத்தைத் தப்பாக அமைத்துச் சாதாரண மோடில் செருகினால், ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நீங்களே பிழைகளால் நிரப்புவீர்கள்.

கடைசியாக, கழற்றிப் பார்க்கும் முறை. பஸ் முழுதும் ஷார்ட்டாகி நிற்கும்போது இதுதான் வேகமானது. ஆனால் மாட்யூல் மாட்யூலாக இல்லை, பல கிளைகள் சேரும் ஜாயின்ட் கனெக்டரைக் கண்டுபிடித்துப் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். மீட்டரோ ஸ்கோப்போ இணைந்திருக்கட்டும், எந்தப் பாதியை எடுத்ததும் பஸ் உயிர் பெறுகிறதோ அந்தப் பாதிக்குள் போங்கள். முனை ரெசிஸ்டர் உள்ள மாட்யூலைக் கழற்றினால் 120 ஓம் வருவது இயல்பு, அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். சில வண்டிகளில் பஸ் ஒரு மாட்யூலுக்குள் நுழைந்து அடுத்ததற்குப் போகும், அங்கே ஒன்றைக் கழற்றினால் அதற்கு அப்பால் எல்லாம் செத்துவிடும். ஏர்பேக் மாட்யூலைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டியில் உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு கேபிள் பக்கம் அதற்கான பயிற்சி இல்லாமல் போகவே கூடாது.

இந்த முறையில் எனக்குப் பிடிக்காத விஷயம், அது சாட்சியை அழித்துவிடும். பச்சை பூத்த பின் உள்ள கனெக்டர் ஒன்றைக் கழற்றி மாட்டினாலே அது துடைபட்டு வேலை செய்யத் தொடங்கும். வண்டி சரியாகிவிட்டது போலத் தெரியும், கடைசியாகத் தொட்ட மாட்யூல் மேல் பழி விழும், கொஞ்ச நாளில் அதே விளக்குகள் மறுபடி எரியும். அதனால் தொடுவதற்கு முன் அளந்து எழுதிவையுங்கள், வந்து வந்து போகும் பழுதில் கழற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும். மாட்யூலையே மாற்றிப் பார்ப்பதை நான் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. புது மாட்யூலுக்குக் கோடிங், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) என்று தனித் தலைவலி அது. அந்த மாட்யூலின் கனெக்டரிலேயே சப்ளை, எர்த், ஹை, லோ நாலும் சரி என்று பார்த்த பிறகும் பேசவில்லை என்றால் மட்டும் மாற்றுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாத லைன்களும் வண்டியில் உண்டு. கண்ணாடி மோட்டார், வைப்பர் போன்றவற்றுக்குப் போகும் லின் லைன் ஒரே வயர், 12 வோல்ட், 20 கிலோபிட்டுக்கு மேல் போகாது. பழைய வண்டிகளில் பாடி பக்கம் இருக்கும் லோ ஸ்பீட் கேனில் அமைதி நிலையில் ஹை 0, லோ 5 வோல்ட், ஒரு வயர் அறுந்தாலும் மற்றதை வைத்துப் பேசும், அங்கே 60 ஓம் தேடினால் கிடைக்காது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரே மாட்யூல் மட்டும் எப்போதும் பதில் சொல்லவில்லை என்றால் ஸ்கேனர் பட்டியலும், மீட்டரும் பல்பும் போதும், ஸ்கோப்பை எடுக்கவே வேண்டாம். பஸ் முழுதும் செத்துக் கிடந்தால் மீட்டரில் தொடங்கி, ஜாயின்ட் கனெக்டரில் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். மழையில் வரும், குழியில் விழுந்தால் வரும், கொண்டுவந்து நிறுத்தினால் வராது என்ற வகைக்கு ஸ்கோப்தான். வருஷத்துக்கு ஒருமுறை சொந்த வண்டியை மட்டும் பார்ப்பவர் ஸ்கோப் வாங்க வேண்டாம், தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் போய்விடுவது லாபம். இதுவே தொழில் என்றால் வாங்கிவிடுங்கள். எதுவாக இருந்தாலும் முதல் பத்து நிமிடத்தை, பிறகு பொருத்திய ஸ்டீரியோ, அலாரம், ஜிபிஎஸ் டிராக்கர் கேன் வயரில் எங்காவது ஒட்டுப்போட்டிருக்கிறதா என்று பார்க்கச் செலவிடுங்கள். டேப் சுற்றிய ஒட்டு ஒன்று கிடைத்தால் அதைப் பிரித்துவிட்டுப் பிறகு ஸ்கேனரைக் கையில் எடுங்கள்.

வயரைச் சரிசெய்யும்போது முறுக்கு முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும், ஹை ஒட்டும் லோ ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுங்கள். பிறகு எல்லாக் கோடையும் அழித்து, வண்டியைப் பூட்டிப் பஸ் தூங்கும் வரை விட்டு, மறுபடி எழுப்பி, ஓட்டிவிட்டு வந்து முழு ஸ்கேன் ஒன்று எடுங்கள். அந்த நல்ல அலையை ஸ்கோப்பில் மாடல் பெயரோடு சேமித்துவையுங்கள், அதே மாடல் அடுத்தமுறை வரும்போது எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டியிருக்கும்.